ஸ்விட்ச் மாடியில், மோட்டார் பள்ளத்தில்

1

எங்கள் தெருவின் தண்ணீர் மோட்டாரைப் பள்ளத்தில் விட்டுவைத்தது நீங்கள்தான், நிர்வாகப் பொறியாளர் ஐயா. மழை அல்ல. ஓடை அல்ல. நாங்களும் அல்ல. நீங்கள்தான்.

மற்றவர்கள் பத்திரிகையை மூடிவிட வேண்டாம். இது உங்களுக்காகவும் எழுதியதுதான். அருப்புக்கோட்டையில் இருக்கும் என் சொந்தக்காரர்களுக்கும், அந்தமான் என்றால் டிவியில் வானிலை சொல்பவர் வட்டம் போட்டுக் காட்டும் இடம் என்று மட்டும் தெரிந்துவைத்திருக்கும் தமிழ்நாட்டு ஜனங்களுக்கும் எழுதுகிறேன். ஆனால் அந்தப் பொறியாளரும் தமிழர். மெயின்லேண்டிலிருந்து, அதாவது கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மாற்றலில் வந்தவர். அவர் மேஜையில் தமிழ் வாரப் பத்திரிகை கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன். இந்தியில் மனு கொடுத்தோம், இங்கிலீஷில் கொடுத்தோம், பதில் இல்லை. அவர் பொழுதுபோக்காகப் படிக்கும் பாஷையில் எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கராச்சர்மாவில் சலவைக் கடை வைத்திருக்கிறேன். போர்ட் பிளேயருக்கு வெளியே இருக்கும் பகுதி இது. (போர்ட் பிளேயர் என்ற பெயரை மாற்றிவிட்டார்கள். பஸ் கண்டக்டர் வாய் இன்னும் மாறவில்லை, என் வாயும் மாறவில்லை.) சுற்றுலாக்காரர்கள் தங்கும் லாட்ஜ்களின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் எங்களிடம் வரும். தேனிலவுக்கு வருகிறவர்கள் சிந்தும் எல்லாவற்றையும் துவைத்திருக்கிறேன். எனக்கு வெட்கம் கிடையாது, தண்ணீர்தான் வேண்டும்.

இந்த மாதத்தோடு நான் தீவுக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. மகள் நந்தினி கேக் வாங்கி வந்தாள். கேக்கை வெட்டும்போது பம்ப் ஆபரேட்டர் மண்டல் ஒரு நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். ஒரு துண்டு கேக்கை வாயில் போட்டுக்கொண்டு, அதே வாயால் அழ ஆரம்பித்தார். விஷயம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

2

ஊரை நினைத்துக் கண்ணீர் விட்டேன் என்று எழுதினால் அது பொய். அருப்புக்கோட்டையில் என் அப்பா நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் வேலை பார்த்தார். அவர் கை ஒரு வாரம் நீலம், ஒரு வாரம் சிவப்பு. எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு ஓடுவோம். நான் நன்றாகச் சண்டை போடுவேன். அதனால் பக்கத்து வீட்டுக் குடங்களையும் என்னிடம் கொடுத்து அனுப்புவார்கள். என் ஆரம்பக் கல்வி அதுதான்.

சுனாமிக்கு அடுத்த வருடம் எங்கள் ஊர்க்காரர் பாண்டிக்கு என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். பாண்டிக்கு இங்கே ஜெட்டியில், அதாவது கப்பல் துறையில், சரக்கு இறக்கும் வேலை. "அந்தமானா? தண்ணிக்கு நடுவுலயா?" என்று என் அம்மா கேட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தண்ணீருக்கு நடுவில் இருந்தால் குடம் தூக்க வேண்டாம் என்று நினைத்தேன். வந்து பார்த்தால் இங்கேயும் கோடையில் குழாய் காய்கிறது, இங்கேயும் லாரி. சுற்றிலும் கடல், நடுவில் நான், கையில் குடம். முதல் வருடம் முழுக்கச் சிரிப்பாக வந்தது.

அப்போது மழைக்கும் வெயிலுக்கும் ஒரு ஒழுங்கு இருந்தது. மே மாதம் ஆரம்பித்தால் வருடக் கடைசிவரை மழை. அப்புறம் பொங்கலிலிருந்து நல்ல வெயில். விரிப்புகளை வெளியே காயப் போடலாம். இப்போது பொங்கலன்றைக்குக் கொட்டுகிறது, ஜூன் மாதம் கருகுகிறது. வரும்போது மாதம் முழுக்கப் பெய்ய வேண்டியது ஒரே மத்தியானத்தில் வருகிறது. காயப் போட்ட விரிப்பை எடுக்கக் கையை நீட்டுவதற்குள் நாலா நிறைந்துவிடுகிறது. நாலா என்றால் இங்கே ஓடை. எங்கள் தெரு மேட்டிலிருந்து இறங்குகிறது. அடியில் நாலா. நாலாவின் ஓரத்தில்தான் பம்ப் ஹவுஸ்.

டிவியில் அந்தமான் அருகே வட்டம் போட்டால், அடுத்த நிமிடம் என் அண்ணன் முருகேசன் போன் செய்வார்.

"ஏ தாயி, தாழ்வு மண்டலமாம்ல. பத்திரமா இருக்கியா?"

"இருக்கேண்ணே. இங்க பிறந்து அங்கதான் வருது. நீ மாடியில காயப் போட்ட மிளகாய எடு."

"திரும்பி வந்துருங்க. தீவே முழுகப் போகுதுன்னு சொல்றான்."

"தீவு முழுகாது. மோட்டார்தான் முழுகும்" என்பேன்.

3

பம்ப் ஹவுஸ் வேலை எளிமையானது. மெயின் குழாயிலிருந்து வரும் தண்ணீர் கீழே ஒரு தொட்டியில் விழும். மோட்டார் அதை மேட்டின் உச்சியில் இருக்கும் தொட்டிக்கு ஏற்றும். அங்கிருந்து எங்கள் வீடுகளுக்கு வரும். மோட்டார் நின்றால் எங்கள் தெரு, பின் தெரு, பள்ளிக்கூடம், பிரசவ அறை உள்ள சின்ன ஆஸ்பத்திரி எல்லாம் காயும். என் கடை முதலில் காயும்.

நாலா பெருகி வரும்போதெல்லாம் மோட்டார் முழுகிவிடும். உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், காயில் என்பார்கள், எரிந்துவிடும். உதிரிப் பாகம் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். கடல் சரியில்லை என்றால் கப்பல் வராது. கப்பல் வராததற்கும் அதே மழைதான் காரணம். ஆக, மழை ஒரே அடியில் இரண்டு வேலை செய்யும்.

நாங்கள் கத்தியதில் துறைக்குக் காது கேட்டது. பருவநிலை மாற்றத்தைத் தாங்கும் பம்ப் ஹவுஸ் கட்டப் போகிறோம் என்று பலகை வைத்தார்கள். தூண் எழுந்தது. தூண் மேல் ஒரு அறை, ஜன்னலுக்குக் கண்ணாடி, ஏறிப் போக இரும்புப் படி. மெயின்லேண்ட் பெயின்ட் அடித்த படி ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்தது. கைப்பிடியைத் தொட்டுவிட்டு என் வெள்ளை விரிப்பைத் தொட்டால் அவ்வளவுதான். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டினார்கள். மாலை போட்டுக்கொண்ட நிர்வாகப் பொறியாளர் மேலே ஏறி ஸ்விட்சைப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. கை தட்டினோம்.

நான் கீழே குனிந்து பார்த்தேன். மோட்டார் அதே பழைய பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது.

கூட வந்த ஜூனியர் இன்ஜினியர் மதுரைப் பக்கத்துப் பையன். அவனைத் தனியாகப் பிடித்தேன்.

"தம்பி, மோட்டார ஏத்த மறந்துட்டீங்க."

"மறக்கலக்கா. சாங்ஷன் எலெக்ட்ரிக்கல் பொருளை உயர்த்துறதுக்கு. ஸ்விட்ச் பேனல் எலெக்ட்ரிக்கல். மோட்டார் மெக்கானிக்கல்ல வருது."

"மோட்டார் கரண்டுல ஓடுதா, மாட்டுல ஓடுதா?"

"கரண்டுலதான்க்கா. ஆனா ஃபைல்ல மெக்கானிக்கல்."

"அப்ப மெக்கானிக்கலுக்கு நீச்சல் தெரியும்னு நெனச்சுட்டாங்களா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாலை போட்டவர் திரும்பிப் பார்த்ததும் அடக்கிக்கொண்டான். பள்ளத்திலிருந்து ஒரு ஆள் உயரம் ஏற்றினாலும் மோட்டார் தொட்டித் தண்ணீரை உறிஞ்சும் என்று அவனே சொன்னான். "ஏத்தலாம்க்கா, ஒண்ணும் ஆகாது. ஃபைல் தனியா போகணும், அதுதான்."

ஃபைல் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. தீவின் வடகோடிக்குப் போகும் திக்லிபூர் பஸ்கூட ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

4

ஃபைலுக்காகக் காத்திருக்க எங்களுக்கு நேரமில்லை. அதனால் மழை எச்சரிக்கை வந்தால் மோட்டாரை நாங்களே தூக்கிவிடுவது என்று முடிவு செய்தோம். யோசனை பாண்டியுடையது. ஜெட்டியில் சுமை தூக்குகிறவருக்கு மோட்டார் ஒரு பொருட்டில்லை. ஆனால் அதைத் தூக்கிய விதம்தான் வேடிக்கை. எங்கள் ஊர் பங்குனிப் பொங்கலில் சப்பரம் தூக்கிப் பழகியவர் அவர். இரண்டு மூங்கிலைக் கட்டி, நடுவில் மோட்டாரை வைத்து, ஆளுக்கு ஒரு தோள் கொடுத்து, "தோள் மாத்து!" என்று கத்திக்கொண்டே மேட்டில் ஏறினார். தெருவே பின்னால் வந்தது.

எங்கள் தெருவில் வங்காளிகள், தெலுங்குக்காரர்கள், மலையாளிகள், ராஞ்சிக்காரர்கள் எல்லாரும் உண்டு. "தோள் மாத்து" என்றால் என்னவென்று இப்போது அத்தனை பேருக்கும் தெரியும். வங்காளிப் பெண்கள் குலவை போட்டார்கள். நானும் எங்கள் ஊர்க் குலவை போட்டேன். நாக்கு சுழலும் விதம்தான் வேறு, காது ஒரே மாதிரி அடைக்கிறது. டீக்கடை மலையாளி அன்றைக்கு டீக்குக் காசு வாங்கவில்லை. அவருக்கே அது ஆச்சரியமாக இருந்திருக்கும்.

மோட்டாரை எங்கள் கடையின் இஸ்திரி மேஜையில் இறக்கி வைத்து, லாட்ஜின் பழைய விரிப்பைப் போர்த்தினோம். அன்று நாலா பள்ளத்தை மூடி ஓடியது. மறுநாள் தண்ணீர் வடிந்ததும் மோட்டாரைத் திரும்பக் கொண்டுபோய் மாட்டினோம். சாயங்காலம் எங்கள் குழாயில் தண்ணீர் வந்தது. பக்கத்து வார்டுக்காரர்கள் லாரியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்கள் பார்க்கும்படி வாசலைக் கழுவிவிட்டேன். அது தப்புதான். ஆனால் நல்ல சந்தோஷம்.

அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. மண்டல் இரும்புத் தகட்டைத் தட்டினால் மோட்டார் ஊர்வலம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெறும் மேகத்தைப் பார்த்தே "மோட்டார் எப்பத் தூக்குவீங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

போன மழைக்கு என் அண்ணன் முருகேசன் வந்திருந்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவை. டிவியில் பார்த்த வட்டத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்கு ஒரே பரபரப்பு. தகடு தட்டும் சத்தம் கேட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன் கொம்பைப் பிடித்தார். மோட்டார் மேஜையில் இறங்கியது. எல்லாரும் மூச்சு வாங்கினோம். அண்ணன் எங்கிருந்தோ ஒரு தேங்காயை எடுத்துவந்தார். "இவ்வளவு பெரிய காரியம், சும்மா விடலாமா?" என்று சொல்லி, மோட்டார் தலையிலேயே ஓங்கி உடைத்தார்.

எல்லாரும் கை தட்டினோம். குலவை வேறு.

மறுநாள் மோட்டாரைப் பள்ளத்தில் மாட்டினார்கள். மண்டல் மாடி ஏறி ஸ்விட்சைப் போட்டார். மேலே அழகாகப் பச்சை விளக்கு எரிந்தது. கீழே பள்ளத்திலிருந்து புகை வந்தது. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்த மண்டலுக்கு அது தெரியவில்லை. நாங்கள் கீழிருந்து கத்துவதை வாழ்த்துச் சொல்கிறோம் என்று நினைத்துக் கையை ஆட்டினார். துருப்பிடித்த படியில் அவர் இறங்கி வருவதற்குள் காயில் முடிந்துபோனது.

காயில் கட்டும் தெலுங்குக்காரர் மோட்டாரைப் பிரித்தார். உள்ளே பிசுபிசுப்பு, ஒரு தேங்காய்ச் சில்லு. சில்லை விரலில் எடுத்து என் முன்னால் நீட்டினார். "தீதி, யே மோட்டார் ஹை யா மந்திர்?" மோட்டாரா கோயிலா அக்கா என்று கேட்கிறார். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் சில்லைப் பார்த்தார்.

"தண்ணி அப்பவே காஞ்சிருக்கும்னு நெனச்சேன் தாயி" என்றார்.

ஆக, வெள்ளத்திலிருந்து காப்பாற்றிய மோட்டாரை தேங்காய்த் தண்ணீரில் மூழ்கடித்த தெரு எங்கள் தெருதான். இதை மறைக்க மாட்டேன். மோட்டார் திரும்பி வரும்வரை என் கடையில் அழுக்கு விரிப்பு மலை போலக் குவிந்தது. லாட்ஜ் மேனேஜர் போன் செய்து, விருந்தாளிகள் மேஜை விரிப்பில் படுத்திருக்கிறார்கள் என்றார். "நல்லது, சாப்பாட்டு வாசனையோட தூங்கட்டும்" என்று வைத்துவிட்டேன்.

5

இந்த ஊர்வலத்தை நந்தினி போனில் படம் பிடித்து, "மோட்டார் பாபா கீ ஜய்" என்று தலைப்புப் போட்டு வெளியே விட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது. தீவு முழுக்கப் பார்த்திருக்கிறது. மின்னி பே பக்கத்து லாட்ஜில் துணி கொடுக்கப் போனால், "மோட்டார் பாபா அம்மா வந்தாச்சு" என்கிறார்கள்.

"ஏன்டி, தமிழ்ல எழுதக்கூடாதா?" என்று கேட்டேன்.

"தமிழ்ல போட்டா இங்க யாரும்மா பாப்பாங்க? நம்ம ஐலண்டுல எல்லாருக்கும் ஹிந்திதான் சமஜ் ஆகும்." புரியும் என்பதற்கு அவள் பாஷை சமஜ்.

இவளுக்கு அருப்புக்கோட்டை "மெயின்லேண்ட்". மாமா வீட்டுக்குப் போனால் மூன்றாம் நாள் "எப்ப ஊருக்குப் போறோம்?" என்று கேட்பாள். ஊர் என்றால் கராச்சர்மா. முன்பெல்லாம் எனக்குக் கோபம் வரும். இப்போது விட்டுவிட்டேன். என் மகள் என்னைவிட்டு எங்கேயும் விலகிப் போகவில்லை, நான் வந்து சேர்ந்த இடத்தில்தான் இருக்கிறாள். ஆனால் தமிழில் எழுதத் தெரியாதது குறைதான். இதை எழுதி முடித்ததும் அவளை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லப் போகிறேன்.

படத்தைத் துறையும் பார்த்துவிட்டது. கேக் வெட்டிய அன்று மண்டல் கொண்டுவந்த நோட்டீஸ் அதனால் வந்தது. அதில் இருந்தது இதுதான்: அரசு மோட்டாரை அனுமதியில்லாமல் கழற்றியதால் சேதம் ஏற்பட்டது. இனிமேல் எந்தச் சூழ்நிலையிலும் மோட்டாரை இடத்திலிருந்து எடுக்க விடமாட்டேன் என்று ஆபரேட்டர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மீறினால் வேலையிலிருந்து நீக்கம்.

மண்டல் தினக்கூலி ஆள். நிரந்தரமாக்கும் பட்டியலில் பெயர் வர வேண்டிய நேரம் இது. திக்லிபூரில் அவர் மனைவி ரேடியோவில் அந்தச் செய்தி வரும் என்பது போலக் காத்திருக்கிறாள். அவருக்குத் தமிழ் தெரியும். எங்கள் தெருவில்தான் கற்றுக்கொண்டார். கெட்ட வார்த்தையில் ஆரம்பித்ததால் இலக்கணம் கொஞ்சம் மட்டம்.

"தீதி, நான் சைன் பண்ணா மோட்டார் முழுகும். சைன் பண்ணலன்னா நான் முழுகும்."

"முதல்ல கேக்க முழுங்கு. அப்புறம் பாக்கலாம்" என்றேன்.

அடுத்த நாளே அவரையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். முதல் அறையில், மோட்டார் தங்களுடையது இல்லை, ஸ்விட்ச் மட்டும்தான் என்றார்கள். இரண்டாவது அறையில், மோட்டார் தங்களுடையதுதான், ஆனால் அதன் உயரம் தங்களுடையது இல்லை என்றார்கள். மூன்றாவது அறை பள்ளத்துக்குச் சொந்தக்காரர். அவர் நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, பள்ளம் திருப்திகரமாக இருக்கிறது, யாரும் இதுவரை குறை சொல்லவில்லை என்றார்.

"குறை சொல்லத்தானே வந்துருக்கேன்."

"பள்ளத்தைப் பற்றியா, மோட்டாரைப் பற்றியா?"

"பள்ளத்துல இருக்கற மோட்டாரப் பத்தி."

"அது ரெண்டு தனித்தனிப் புகார்" என்றார்.

கடைசியில் நிர்வாகப் பொறியாளர் எங்களை உள்ளே விட்டார். பேச ஆரம்பித்ததும் நந்தினியின் படத்தைப் போனில் ஓட விட்டார். என் அண்ணன் தேங்காய் உடைக்கும் இடத்தில் நிறுத்தினார்.

"இதுக்கு என்னம்மா சொல்றீங்க? அது இடத்திலேயே இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

"தேங்காத் தண்ணி புகுந்திருக்காது சார். நாலா புகுந்திருக்கும்."

"அதை நீங்க சொல்லக் கூடாது. கட்டடம் பருவநிலையைத் தாங்கும்னு சர்டிஃபிகேட் இருக்கு."

"கட்டடம் தாங்கும் சார். தண்ணிய ஏத்துறது கட்டடமா?"

மணி அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மண்டல் எழுந்து அவரைக் கும்பிட்டார். நான் கும்பிடவில்லை.

6

அண்ணனுக்கு விஷயத்தைச் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்து அவர் குரல் பதிவு வந்தது. "தேங்கா உடைச்சது நான்தான்னு எழுது தாயி. அந்த மண்டல் தம்பி மேல பழி வரக்கூடாது. வேணும்னா கப்பல் ஏறி வந்து அங்கயே சொல்றேன்." முழுகப் போகும் தீவுக்கு இவ்வளவு சீக்கிரம் திரும்பி வரத் துணிந்த முதல் ஆள் என் அண்ணன்தான்.

மண்டல் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. தெருவில் இதைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. கையெழுத்துப் போடட்டும், பிள்ளைகுட்டிக்காரர் என்று சிலர். போட வேண்டாம், மோட்டார் போனால் ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் யார் தருவார் என்று சிலர். எங்களுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு மனிதனின் வேலையைக் கொடுக்க வேண்டும். அவர் வேலை நிலைக்க வேண்டுமென்றால் தண்ணீரைக் கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கை எங்கள் தெருவுக்குப் போட்டுக் கொடுத்தவர் மாலை போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நேற்று மத்தியானம் மேகம் கறுத்தது. மண்டல் பம்ப் ஹவுஸ் வாசலில் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தட்டவில்லை. பாண்டி மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டு எதிரில் நின்றார். கூப்பிடாமலே தெருவே வந்து நின்றது. டீக்கடைக்காரர் மெதுவாக, "இன்னைக்கு டீக்குக் காசு உண்டா, இல்லியா? அதயாச்சும் சொல்லு" என்றார். மண்டலுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நல்ல வேளை, மேகம் கடலுக்குப் போனது. தமிழ்நாட்டில் உங்கள் பக்கம்தான் வந்திருக்கும். மிளகாயை எடுத்துவைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அடுத்த மேகம் போகாது.

நிர்வாகப் பொறியாளர் ஐயா, ஞாயிற்றுக்கிழமை வார்டுக் கூட்டம். உங்களுக்கு அழைப்பு கொடுத்தாகிவிட்டது, வாங்கிக்கொண்டதற்கு முத்திரையும் இருக்கிறது. ஆபீசில் மணி அடித்து என்னை வெளியே அனுப்பலாம். அங்கே மணி எங்கள் கையில். தேங்காய் உடைத்தது எங்கள் தப்பு, அதை என் அண்ணன் குரலிலேயே மைக்கில் போடுகிறேன். இனி எங்கள் தெருவில் மோட்டாருக்குச் சூடம்கூடக் காட்ட மாட்டோம். மண்டலிடம் கேட்ட கையெழுத்தைக் கொண்டுவாருங்கள். ஆனால் அதில் முதலில் நீங்கள் போடுங்கள்: பள்ளத்தில் மோட்டார் முழுகினால் பொறுப்பு என்னுடையது என்று. போட முடியாது என்றால், அந்த நோட்டீசை அங்கேயே கிழியுங்கள்.

அப்புறம் மைக்கைப் பிடித்து, வங்காளிக்கும் தெலுங்குக்காரருக்கும் மலையாளிக்கும் எனக்கும் புரியும்படி, உங்களுக்கு வருகிற எந்தப் பாஷையிலாவது, இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

ஸ்விட்சை மாடிக்கு ஏற்றினீர்களே, மோட்டாரை ஏன் ஏற்றவில்லை?